உடலின் வரைபடமும் ஓயாத சமநிலையும்

மார்பு எக்ஸ்ரே படத்தில் இதயத்தின் நிழல், படத்தைப் பார்ப்பவரின் வலக்கைப் பக்கமாகச் சாய்ந்தே தெரியும்; ஆனால் மருத்துவ அறிக்கை அதை இடப்பக்கம் என்றுதான் எழுதும், ஏனெனில் உடற்கூற்றியலில் இடப்பக்கம், வலப்பக்கம் என்பவை எப்போதும் உடலுக்கு உரியவரின் கணக்கிலேயே கொள்ளப்படுகின்றன. எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவரின் வலக்கை மற்றவருக்கு இடக்கைப் பக்கமாகத் தெரிகிறது என்பது சிறுவர்களும் அறிந்த செய்தியே என்றாலும், அறுவை அரங்கில் அந்தச் சிறு குழப்பம் நல்ல சிறுநீரகத்தை அகற்றிவிட்டு நோயுற்றதை உள்ளேயே விட்டுவிடும் அளவுக்குக் கொடியதாக முடியக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி படுவதற்கு முன் அறுவைக்குரிய இடம் உடலில் குறியிடப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி இடம்பெற்றிருப்பதற்கு இதுவே காரணம்.

இத்தகைய மயக்கம் நேராதபடி, உடலின் உறுப்புகளைப் பற்றிப் பேசும் எவரும் ஒரே நிலையில் உள்ள உடலையே மனத்தில் கொள்ளவேண்டும் என்ற மரபை உடற்கூற்றியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உடற்கூற்று நிலை எனப்படும் அந்த நிலையில் மனிதர் நிமிர்ந்து நிற்கிறார். முகமும் கால் விரல்களும் முன்னோக்கி இருக்கின்றன. கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகளும் முன்னோக்கியே திரும்பியிருக்கின்றன. இயல்பாக நிற்கும் எவரும் உள்ளங்கையை இப்படித் திருப்பி வைப்பதில்லை. ஆயினும் அவ்வாறு வைத்தால்தான் முன்கையின் ஆரை எலும்பும் அல்னா எலும்பும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். உள்ளங்கையைப் பின்னோக்கித் திருப்பியதும் ஆரை எலும்பு அல்னாவின் குறுக்கே சாய்ந்து விழுகிறது. நோயாளி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாலும், தலைகீழாகத் தொங்கினாலும், சொற்கள் மட்டும் நிமிர்ந்து நிற்கும் இந்த உடலையே சுட்டுகின்றன.

இந்த உடலின் உச்சந்தலையிலிருந்து கீழ்நோக்கி ஒரு கற்பனைக் கோடு இழுத்தால் அது மூக்கு நுனி, தொப்புள் வழியாக இறங்கி உடலை இரு பாதிகளாக்கும். அக்கோட்டுக்கு அருகில் இருப்பது மீடியல் அல்லது நடுப்புறம் என்றும், அதிலிருந்து விலகியிருப்பது லேட்டரல் அல்லது பக்கப்புறம் என்றும் சொல்லப்படுகின்றன; எனவே கைகளைத் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்னே காட்டும்போது சுண்டுவிரல் நடுப்புறத்திலும் கட்டைவிரல் பக்கப்புறத்திலும் அமைகின்றன. மார்பும் வயிறும் நோக்கும் திசை ஆன்டீரியர் எனப்படும் முன்புறம். முதுகு நோக்கும் திசை போஸ்டீரியர் எனப்படும் பின்புறம். தலையை நோக்கியது சூப்பீரியர், பாதத்தை நோக்கியது இன்ஃபீரியர். கை கால்களுக்கு மட்டும் தனியாக இரண்டு சொற்கள் உண்டு: உறுப்பு உடலோடு இணையும் இடத்துக்கு நெருங்கியது ப்ராக்ஸிமல், அதாவது அண்மைப்புறம், தொலைவில் உள்ளது டிஸ்டல், அதாவது சேய்மைப்புறம். முழங்கை மணிக்கட்டுக்கு அண்மைப்புறத்திலும், விரல் நுனி அதற்குச் சேய்மைப்புறத்திலும் இருக்கின்றன. விபத்தில் காலெலும்பு முறிந்தவரின் அறிக்கையில் டிஸ்டல் என்ற ஒரு சொல் இருந்தால், முறிவு கணுக்காலின் பக்கமா முழங்காலின் பக்கமா என்பதைப் படத்தைப் பார்க்காமலே மருத்துவர் அறிந்துகொள்வார்.

இச்சொற்கள் இலத்தீனிலிருந்து வந்தவை என்பதால் அவை தமிழ் மனத்துக்கு எட்டாதவை என்று எண்ணிவிடலாகாது. உடலைக் கூர்ந்து பார்த்துப் பெயரிடும் வழக்கம் தமிழில் எவ்வளவு பழையது என்பதற்கு அன்றாடச் சொற்களே சான்று. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் மூன்று பெயர்களிலும் ஈரல் என்ற பொதுச்சொல் நிற்க, அதற்கு முன்னால் வரும் கல், மண், நுரை ஆகியவை ஒவ்வோர் உறுப்பையும் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன; காற்று நிரம்பிய நுரையீரலுக்கு நுரையைக் காட்டிலும் பொருத்தமான உவமையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கழுத்தில் அணியும் காறை என்னும் அணிகலன் படியும் இடத்தில் உள்ளது காறை எலும்பு. அதே எலும்பை இலத்தீன் சிறு சாவி என்று பெயரிட்டு அழைத்தது. கீழ்க்காலின் பின்புறத்தில் திரண்டு நிற்கும் தசை தமிழருக்குக் கெண்டை மீனின் வடிவை நினைவூட்டும் கெண்டைக்கால். கிரேக்கருக்கு அது காலின் வயிறு. பெயரிடுபவர் எந்த நாட்டவரானாலும், தாம் கண்டு பழகிய பொருளிலிருந்தே உடலுக்குச் சொல் எடுத்திருக்கிறார்.

பெயர்கள் பெருகியதால் ஐரோப்பாவிலேயே ஒரு கட்டத்தில் குழப்பம் மிகுந்தது. ஆந்திரியாஸ் வெசாலியஸ் 1543-இல் மனித உடலின் அமைப்பு பற்றிய தம் பெருநூலை வெளியிட்ட பின், ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பேராசிரியரும் ஒரே உறுப்புக்குத் தத்தமக்குரிய பெயரைச் சூட்டிவந்ததால், 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் சுமார் 50,000 பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. 1895-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய உடற்கூற்றியலாளர்கள் அவற்றைச் சுமார் 5,000 ஆகக் குறைத்தார்கள். அம்மாநாட்டுக்கும் முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்ற சொல்லை ஆண்டு, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழில் தந்துகொண்டிருந்தார் என்பது தமிழர் பலரும் மறந்துபோன வரலாறு. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று உடலை உறுப்பு உறுப்பாகப் பாடிய மரபின் ஒலி அச்சொல்லில் கேட்கிறது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர் செய்து காட்டியதைப் பின்னர் வந்தவர்கள் விடாமல் தொடர்ந்திருந்தால், தமது ஸ்கேன் அறிக்கையைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் தமிழர் இன்று எத்தனையோ மடங்கு மிகுந்திருப்பார்கள்.

ஸ்கேன் அறிக்கையைப் படிக்க இன்னும் மூன்று சொற்கள் வேண்டும். உடலை இடது, வலது எனப் பிரிக்கும் வெட்டு சேஜிட்டல் தளம். முன், பின் எனப் பிரிப்பது கொரோனல் தளம். மேல், கீழ் எனக் குறுக்கே அரிவது குறுக்குத் தளம். சி.டி. ஸ்கேன் தரும் வட்டமான படங்கள் பெரும்பாலும் மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிவதுபோல் உடலை அரிந்து, படுத்திருப்பவரின் பாதத்தின் பக்கம் நின்று பார்ப்பதாக அவற்றைக் கருதவேண்டும். அவ்வாறு பார்க்கையில், கபாலக்குழிக்குள் மூளையும், மார்புக்குழிக்குள் இதயமும் நுரையீரல்களும், உதரவிதானம் என்னும் தசைத்திரைக்குக் கீழே வயிற்றுக்குழிக்குள் கல்லீரல், இரைப்பை, குடல் முதலியனவும் தத்தம் இருப்பிடங்களில் அமைந்திருப்பது தெரியும்.

இருப்பிடத்தை அறிந்துவிட்டால் உடலை அறிந்ததாகுமா என்றால், ஆகாது. ஓர் ஊரின் வரைபடத்தில் தெருக்களும் கிணறுகளும் இருக்கும். அந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பது அதில் இராது. ஆனால் உடலைப் பொறுத்தவரை இருப்பிடத்தைச் சொல்லும் பெயர்களே, பிழைக்கும் விதத்துக்கும் வழிகாட்டுகின்றன. தலாமஸ் என்னும் மூளைப் பகுதிக்குக் கீழே உள்ளதால் ஹைப்போதலாமஸ் என்று பெயர்பெற்ற, சில கிராம் எடையே கொண்ட சிறு பகுதி உடலின் வெப்பம், பசி, தாகம் ஆகிய மூன்றையும் கண்காணிக்கிறது. சிறுநீரகத்தை அண்டியிருப்பதால் அண்ணீரகம் எனப்படும் சுரப்பி, உப்பைக் காக்கும் ஹார்மோனையும் ஆபத்துக் காலத்தில் உடலை விழிப்பூட்டும் அட்ரினலினையும் சுரக்கிறது. கணையத்துக்குள் தீவுகள்போல் சிதறிக்கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் உருவாகும் ஹார்மோனுக்கு, தீவு என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே இன்சுலின் என்ற பெயர் அமைந்தது. இவை மூன்றும் கூடிச் செய்யும் வேலை உடலின் உள்ளே நிலைமை மாறாமல் காப்பது.

உடலின் உள்ளே என்பதற்கு உடலியங்கியல் தரும் பொருள் சற்று வேறானது. எடை 70 கிலோ உள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளும், மீதமுள்ள ஏறத்தாழ 14 லிட்டர் செல்களுக்கு வெளியேயும் நிற்கிறது. கோடானுகோடி செல்களும் காற்றையோ வெயிலையோ ஒருபோதும் நேரில் சந்திப்பதில்லை. அவை குளித்துக்கொண்டிருக்கும் இந்த உப்பு நீரே அவற்றின் உலகம். இதை 19-ஆம் நூற்றாண்டில் முதன்முதலாகத் தெளிவாக உணர்ந்தவர் பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளாத் பெர்னார்ட். வெளிச்சூழல் எப்படி மாறினாலும் உள்சூழல் மாறாமல் இருப்பதே உயிரினம் சுதந்திரமாக வாழ்வதற்கான நிபந்தனை என்று அவர் நிறுவினார். அவருக்குப் பின் அமெரிக்கரான வால்ட்டர் கேனன், உடல் தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ளும் இந்த ஆற்றலுக்கு 1926-இல் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டு, 1932-இல் அதைப் பற்றிப் பொதுமக்களும் படிக்கத்தக்க நூல் ஒன்றை எழுதினார். தமிழில் அதை அகச்சமநிலை எனலாம்.

சமநிலை என்றதும் அசையாமல் நிற்கும் தராசு முள் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த உவமை இங்கே பிழையானது. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடி கைக்கோலை இப்புறமும் அப்புறமும் ஓயாமல் சாய்த்துக்கொண்டே இருப்பதால்தான் விழாமல் இருக்கிறார் என்பது இதற்கு நெருங்கிய உவமை. உடலின் ஒவ்வொரு சமநிலைக்கும் மூன்று பங்காளிகள் இருக்கிறார்கள்: மாற்றத்தை உணரும் உணர்வேற்பி, அதை இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிடும் கட்டுப்பாட்டு மையம், ஆணையை நிறைவேற்றும் செயலுறுப்பு. அளவு கூடினால் குறைக்கும் திசையிலும், குறைந்தால் கூட்டும் திசையிலும் செயல் நிகழ்வதால், இந்த ஏற்பாட்டுக்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். எதிர்மறை என்ற சொல்லில் தீமை ஏதும் இல்லை. நேர்ந்த மாற்றத்துக்கு எதிராகச் செயல்படுவது என்பதே அதன் பொருள்.

படுத்திருந்தவர் எழுந்து நிற்கும் ஒரு நொடியிலேயே இதைக் காணலாம். எழுந்தவுடன் சுமார் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்வேற்பிகள் இழுவிசை குறைந்ததை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, இதயம் விரைந்து துடிக்க, இரத்தக் குழாய்கள் சுருங்க, மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்படாமல் காக்கப்படுகிறது. முதியவர்களுக்கு இந்த ஏற்பாடு சற்றுத் தாமதிப்பதால்தான் எழும்போது தலை சுற்றுகிறது.

இரத்தச் சர்க்கரையின் கணக்கு இன்னும் வியப்பூட்டுவது. உடலில் ஓடும் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தில் உணவுக்கு முன் கரைந்திருக்கும் குளுக்கோஸ் முழுவதையும் திரட்டினால் சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவே தேறும்; ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. எனவே வரவும் செலவும் கணந்தோறும் சரிக்கட்டப்பட்டாக வேண்டும். ஒரு வேளைச் சோறு உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, குளுக்கோஸைத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் கல்லீரலுக்கும் அனுப்பிச் சேமிக்கச் செய்கிறது. இரவில் அளவு குறையத் தொடங்கினால் அதே கணையத்திலிருந்து வரும் குளுக்ககான் கல்லீரலின் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. இன்சுலின் போதாமலோ, சுரந்தும் செல்கள் அதற்குச் செவிசாய்க்காமலோ போகும் நிலையே நீரிழிவு.

நீருக்கும் உப்புக்கும் இடையிலான சமநிலை அதைவிடவும் உயிரோடு நெருங்கியது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் கொண்ட இரு சிறுநீரகங்களும் நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்தெடுத்து, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மற்றதை எல்லாம் இரத்தத்துக்கே திருப்பித் தந்துவிடுகின்றன. இரத்தத்தின் செறிவு நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து, தாகத்தை எழுப்புவதோடு, சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனையும் இரத்தத்தில் விடச் செய்கிறது. ஆனால் காலரா போன்ற நோயில் குடல்வழி ஒரே நாளில் பல லிட்டர் நீரும் உப்பும் பெருகி ஓடும்போது, இந்தக் காவலர்களால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. அப்போது வெறும் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தும் பயனில்லை. இழந்த உப்பு திரும்பாமல் நீர் உடலில் தங்குவதில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்த வழி, குடற்சுவரின் செல்களுக்குள்ளேயே இருந்தது. குடலின் உட்சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வாயில் உண்டு. இரண்டும் நுழைந்தால் நீர் தானாகவே பின்தொடரும். காலராவின் நச்சு குடலின் மற்ற ஏற்பாடுகளைக் குலைத்தாலும் இந்த வாயிலை அடைப்பதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நெருக்கடியில், மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். அதுவரை சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த அறிவின் பயனே. உப்பிட்ட அரிசிக் கஞ்சியை வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த வீட்டு வழக்கமும் அறிவியலுக்கு நெருங்கியதுதான், ஏனெனில் அரிசியின் மாவுப்பொருள் குடலில் குளுக்கோசாகவே உடைகிறது. உடலியங்கியல் ஏழைக்கு என்ன தந்தது என்று கேட்பவருக்கு இதைக் காட்டிலும் பெரிய விடை வேறில்லை.

எல்லாப் பின்னூட்டமும் எதிர்த் திசையில் செல்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மகப்பேற்றின்போது குழந்தையின் தலை கருப்பைக் கழுத்தை அழுத்த, அதனால் ஆக்சிடோசின் சுரக்க, அது கருப்பையை மேலும் சுருக்க, அழுத்தம் மேலும் கூடுகிறது. குழந்தை வெளிவந்த பிறகே இந்தச் சுழல் அடங்குகிறது. இரத்தம் உறைவதும் இவ்வகைதான். முடிவு ஒன்று திட்டமாக இருக்கும் வேலைகளுக்கே உடல் இந்த நேர்மறைப் பின்னூட்டத்தைப் பயன்படுத்துகிறது.

வெப்பத்தைப் பற்றித் தனியே பேசியாகவேண்டும், ஏனெனில் வெயில் மிகுந்த நாட்டில் அகச்சமநிலையின் எல்லை வெளிப்படையாகத் தெரிவது அங்கேதான். உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கவேண்டும். வெப்பம் கூடினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பத்தை வெளியே கொண்டுவருகின்றன. வியர்வைச் சுரப்பிகள் நீரைப் பரப்புகின்றன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்குகிறது. ஆவியானால் என்பதே இங்கு முக்கியம். வெளிக்காற்று தோலைவிடச் சூடாகிவிட்டபின் வியர்வை ஒன்றே வழி. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் அடைபடத் தொடங்குகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெப்பமானி காட்டும் எண் உள்நாட்டு ஊர்களைவிடக் குறைவாக இருந்தும் உடல் கூடுதலாகத் தவிப்பதற்குக் காரணம் இதுவே.

காய்ச்சல் இதிலிருந்து முற்றிலும் வேறானது. கிருமித் தொற்றின்போது ஹைப்போதலாமஸ் தன் இலக்கு அளவையே 39 டிகிரிக்கு உயர்த்திக்கொள்கிறது. அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது உடல் சுட்டாலும் நோயாளி குளிரால் நடுங்குகிறார், போர்வை கேட்கிறார். பாராசிட்டமால் அந்த இலக்கை மீண்டும் கீழே இறக்குகிறது. வெப்பவாதத்திலோ இலக்கு மாறுவதில்லை. இறக்கும் கருவிகள் தோற்றுப்போய், உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்குகிறது. ஆகவே அங்கே பாராசிட்டமால் உதவாது.

கோடையில் வெயிலில் வேலை செய்தவர் பேச்சுக் குழறியோ, குழப்பமுற்றோ, மயங்கியோ விழுந்து, உடல் அனலாகக் கொதித்தால், அவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திராமல் ஆடையைத் தளர்த்தி உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்கவேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.